நான்காம் மாடிக்கு ஒரு பெட்டி

பிளாகோ என்னைக் கார்ட்டூன்காரம்மா என்றுதான் கூப்பிடுவான். பேர் தெரியாமல் அல்ல. க்ளெனிஸ் பாஸ்கோ என்று என் தலைக்கவசத்திலேயே ஒட்டியிருக்கும். பத்து வருடமாக ஆஸ்திரேலியாவின் வொலாங்காங் ஊரில் ஒரே நிறுவனத்தின் சைட்டுகளில் இருவரும் வேலை செய்கிறோம். அவன் கான்கிரீட்டில் துளை போடுகிறவன். நான் கம்ப்யூட்டரில் கட்டடம் கட்டுகிறவள். நிஜக் கட்டடம் எழும்புவதற்கு முன்பே தூண், ஸ்லாப், தண்ணீர்க் குழாய், காற்றுக் குழாய் என்று எல்லாவற்றையும் திரையில் அளவு பிசகாமல் கட்டி, எது எதோடு முட்டுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. பச்சைக் குழாய், ஊதாக் குழாய், ஆரஞ்சுக் கம்பி என்று என் திரையில் எப்போதும் வண்ணம் வழியும். அதைப் பார்த்துத்தான் அந்தப் பேரை வைத்தான்.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் என் வேலையை யாரும் மதிக்கவில்லை என்பதில்தான். எட்டு வருடமாக ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்ப் பேசினேன். கடலோர வட்டாரத்தில் இந்தக் கம்ப்யூட்டர் மாடல் வேலை செய்கிறவர்களைச் சேர்த்து ஒரு சங்கமே வைத்தேன். என் பேச்சில் அடிக்கடி ஒரு வாக்கியம் வரும்: எனக்கு இப்படித் தோன்றுகிறது என்று யாரும் சொல்லாதீர்கள், எண்ணைக் காட்டுங்கள். அதைச் சொல்லும்போது கையை உயர்த்துவேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

எண் என்றால் மோதல்களின் எண்ணிக்கை. குழாய்க்காரர், மின்சாரக்காரர், ஸ்லாப் பொறியாளர் எல்லோரும் திங்கட்கிழமைக்குள் அவரவர் கோப்பை அனுப்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை நான் அத்தனையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஓடவிடுவேன். ஒரு குழாய் ஒரு உத்தரத்துக்குள் புகுந்தால் ஒரு மோதல். கெய்ரா தெருவில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த ஆறு மாடி முதியோர் இல்லத்துக்கு முதல் செவ்வாயன்று வந்த எண் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. அதை அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டினேன். வாராவாரம் பழைய எண்ணின்மேல் புது எண்ணை ஒட்டுவேன். பூஜ்யம் வந்தால்தான் அந்த மாடியில் வேலை தொடங்கலாம் என்பது என் சட்டம்.

சைட்டில் இன்னொரு சட்டமும் உண்டு, அதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒருவன் செய்த தவறால் மற்றவர்களுக்கு வேலை கூடினால், அந்த வெள்ளிக்கிழமை அவன் ஒரு பெட்டி பீர் கொண்டுவர வேண்டும். சாவியைத் தொலைத்தவன், கிரேனை அரை மணி நேரம் சும்மா நிறுத்தி வைத்தவன், புதுச் சுவரில் ஏணியைச் சாய்த்துப் பள்ளம் விழவைத்தவன், எல்லோருக்கும் ஒரே தண்டனை. மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் கேட்டுக்கு வெளியே யாராவது ஒருவருடைய வண்டியின் பின்தட்டில் வைத்துப் பெட்டியை உடைப்பார்கள். ஆளுக்கு ஒரு டின். குடித்து முடித்தால் தவறும் முடிந்தது. திங்கட்கிழமை அதைப் பற்றிப் பேசுகிறவன்தான் மரியாதை கெட்டவன். பத்து வருடத்தில் நான் இரண்டே பெட்டிதான் வாங்கியிருக்கிறேன் என்று பெருமையடித்துக்கொள்வேன்.

ரேடார் விஷயத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. எங்கள் ஸ்லாபுகளுக்குள் எஃகுக் கம்பிக் கற்றைகள் ஓடும். கான்கிரீட் இறுகியதும் அவற்றை இழுத்து முறுக்கேற்றிப் பூட்டிவிடுவார்கள். அந்த இழுப்பில்தான் மாடியே நிற்கிறது. அதனால் இறுகிய ஸ்லாபில் புதிதாகத் துளை போட வேண்டுமென்றால் முதலில் சிட்னியிலிருந்து ரேடார்காரர் வருவார். ஒரு சின்ன வண்டியைத் தரையில் உருட்டி, கம்பி எங்கே ஓடுகிறது என்று கோடு போட்டுக் கொடுப்பார். அவர் வரும்வரை மூன்று நாள் வேலை கிடக்கும். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு கற்றையையும் அளந்து மாடலில் ஏற்றிவிட்டோமே, பிறகு எதற்கு ரேடார் என்று நான் கேட்டேன். இரண்டு வருடம் கேட்டேன். கடைசியில் கெய்ரா தெருவில் மட்டும் சோதனை முயற்சியாக ஒப்புக்கொண்டார்கள். ரேடாருக்குப் பதில் நான் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். ஏப்ரலில் சிட்னியில் நடக்கும் மாநாட்டில் அதைப் பற்றிப் பேச என்னை அழைத்தும் விட்டார்கள்.

பிளாகோதான் ஒப்புக்கொள்ளவில்லை. சைட்டுக்கு எதிரே ஒரு பழைய செருப்புக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். ஈரப் பூட்ஸோடு படியேறி வந்து என் மேசைக்கு எதிரில் நின்றான்.

"இந்தப் பொம்மைப் படத்த நம்பி நான் டிரில்ல இறக்கணுமா?"

உட்காரவைத்துக் காட்டினேன். ஸ்லாபைக் கண்ணாடி மாதிரி ஆக்கி, உள்ளே ஓடும் கற்றைகளைக் காட்டினேன். அவன் லேசில் விடுகிறவன் இல்லை. இரண்டாம் மாடியில் போன மாதம் தான் போட்ட ஒரு துளையை நினைவில் வைத்துக்கொண்டு, அது எந்தக் கற்றையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டான். நான் அளந்து சொன்னேன். தன் சட்டைப் பையிலிருந்து கசங்கிய சீட்டை எடுத்துப் பார்த்தான். ரேடார்காரர் சொன்ன அதே அளவு. சீட்டை மடித்துப் பையில் வைத்தான்.

"சரி கார்ட்டூன்காரம்மா. நீ பூஜ்யம்னு எழுதிக் கையெழுத்து போடு. நான் போடுறேன்."

எட்டு வருடத்தில் என்னை யார் யாரோ பாராட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு இருந்த சந்தோஷம் எதிலும் இல்லை.

அவனுக்குத் தெரியாதது, எனக்கே மறந்துபோனது ஒன்று இருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கம்பிக்காரர்கள் அனுப்பிய கோப்பு கெட்டுப்போய் வந்தது. ஒவ்வொரு கற்றையும் இரண்டு இரண்டாக, கொஞ்சம் நகர்ந்து கிடந்தது. ஓடவிட்டதும் நாலாயிரம் பொய் மோதல்கள். எல்லோருக்கும் ஒரு கால் ஏற்கெனவே விடுமுறைக் கடற்கரையில். அந்த நாலாயிரத்தையும் எண்ணிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இல்லை. நான் மென்பொருளில் ஒரு விதி எழுதினேன்: கம்பிக் கற்றைக்கும் குழாய்க்கும் நடுவில் வரும் மோதல்களை எண்ணாதே. ஒரே வரி.

இதை யாரும் ஏமாற்று வேலை என்று நினைக்கக் கூடாது. இப்படிப்பட்ட விதிகள் இல்லாமல் எங்கள் தொழில் ஓடாது. கதவுக் கைப்பிடி கதவோடு முட்டுகிறது என்று மென்பொருள் கத்தும், அதை எண்ணாதே என்போம். கெய்ரா தெருவுக்கு மட்டும் நாற்பது விதிகள் இருந்தன. இது இருபத்தேழாவது. ஜனவரியில் சரியான கோப்பு வந்தது, ஏற்றினேன். விதியை எடுக்க மறந்தேன். எண் ஏறியிருந்தால் யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள். இறங்கிய எண்ணை யாரும் ஏன் என்று கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச்சில் முதியோர் இல்லத்துக்காரர்கள் நான்காம் மாடியில் குளியலறைகளை இடம் மாற்றினார்கள். ஸ்லாப் இறுகிப் பல வாரம் ஆகியிருந்தது. பதினாலு புதுத் துளைகள் வேண்டும். புதன்கிழமை சோதனையை ஓடவிட்டேன். பூஜ்யம் வந்தது. தாளில் கையெழுத்துப் போட்டேன். மாநாட்டில் காட்டுவதற்காக அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டேன். பல் தெரியச் சிரித்திருக்கிறேன்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு, மழைச் சாரலிலேயே, பிளாகோ துளை போடத் தொடங்கினான். சன்னல் திறந்திருந்ததால் அவன் மிஷின் சத்தம் தெருவைத் தாண்டி என் மேசைவரை வந்தது. நான் மாநாட்டுப் படங்களைத் தயார் செய்துகொண்டிருந்தேன். பார்க்கிறவர்களுக்கு அழகாக இருக்கட்டும் என்று நான்காம் மாடியை எடுத்து, சுவரையும் தூணையும் மறைத்து, குழாய்களுக்கு நீலமும் கற்றைகளுக்குச் சிவப்பும் கொடுத்து, சாய்த்துத் திருப்பினேன். மணி ஒன்பது இருபது. ஐந்தாம் துளையில் நீலம் சிவப்புக்குள் நேராகப் புகுந்திருந்தது.

முதலில் எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. பூஜ்யம் என்று வந்த இடத்தில் இது எப்படி இருக்க முடியும்? படம்தான் ஏமாற்றுகிறது, கோணம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். பிறகு விதிப் பட்டியலைத் திறந்தேன். இருபத்தேழாவது வரி டிசம்பரில் நான் எழுதியபடியே அங்கே இருந்தது.

மேசைமேல் ரேடியோ இருந்தது. பட்டனை அமுக்கி, நான்காம் மாடி, நிறுத்து என்று சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. இருபத்தேழாவது விதியை அணைத்துவிட்டுச் சோதனையை மறுபடி ஓடவிட்டேன். பதினொரு நிமிடம் ஆகும் என்று திரை சொன்னது. சரி என்று உட்கார்ந்துகொண்டேன்.

ஏன் என்று என்னை நானே பல தடவை கேட்டுவிட்டேன். ஒரு படத்தைப் பார்த்து மனசுக்குத் தோன்றியதை வைத்து வேலையை நிறுத்தினால், எட்டு வருடமாக நான் யாரைக் கிண்டல் செய்தேனோ அவர்களில் ஒருத்தியாகிவிடுவேன் என்று பட்டது. எண் வரட்டும், கையில் எண்ணோடு பேசலாம் என்று பட்டது. அது பாதி உண்மை. மீதிப் பாதி, எண் பூஜ்யமாகவே வரட்டும், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம் என்ற ஆசை. திரையில் அந்தப் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்பதாவது நிமிடத்தில் மிஷின் சத்தம் நின்றது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஒன்பதரைக்கு எல்லோருக்கும் தேநீர் இடைவேளை. பிளாகோ தேநீர் குடிக்கப் போயிருக்கிறான், இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டு நிமிடம் கழித்து எண் வந்தது. மூன்று மோதல்கள்: ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு. அதற்குள் கீழே தெருவில் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

துளை மிஷினின் முனையில் சுழலும் வைரப் பல் வைத்த குழல் கற்றையில் சிக்கி ஒரே நொடியில் நின்றிருக்கிறது. சுழல வேண்டியது குழல். அது நின்றதும் மிஷின் சுழன்றது. ஸ்டாண்டைத் தரையோடு பிடித்திருந்த போல்ட் பிய்த்துக்கொண்டு வந்து, கைப்பிடி பிளாகோவின் வலது மணிக்கட்டை அடித்துப் போட்டுவிட்டது. நான் போனபோது அவன் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான். கை போகக் கூடாத திசையில் போயிருந்தது. முகம் முழுக்கச் சிமெண்ட் சேறு. எங்கள் புராஜெக்ட் மேனேஜர் டேரில் என் கையெழுத்துத் தாளை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். அவன் ஏற்கெனவே முடிவுக்கு வந்துவிட்டிருந்தான்: தாளில் மோதல் இல்லை, அப்படியானால் துளைதான் இடம் மாறியிருக்கிறது.

என்னைப் பார்த்ததும் பிளாகோ பேசினான்.

"மழைல தரைல போட்ட குறி அழிஞ்சு போச்சு. டேப்ப வச்சு நானே குறிச்சேன். எங்கயோ தப்பு பண்ணிட்டேன் போல. உன் பூஜ்யத்தக் கெடுத்துட்டேன், கார்ட்டூன்காரம்மா."

நான் பேசாதே, கையை அசைக்காதே என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவனைத் தூக்கிப் போனார்கள்.

மத்தியானம் அந்த இடத்தைச் சுற்றித் தடுப்பு நாடா கட்டியிருந்தார்கள். நான் அளவுக் கருவியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் அளந்தேன். என் தாளில் இருந்த இடத்துக்கும் பிளாகோ துளை போட்ட இடத்துக்கும் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர். மழையில், டேப்பை வைத்து, குனிந்து குறித்த ஆள் இரண்டு மில்லிமீட்டரில் நிற்கிறான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது என்ன, ஒருவரிடமும் சொல்லாமல்தான் வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை டேரிலிடம் சொன்னேன். விதியை, கோப்பை, இரண்டு மில்லிமீட்டரை, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒன்பது நிமிடத்தைச் சொல்லவில்லை. டேரில் கெட்டவன் இல்லை. பயந்தவன். கதவைச் சாத்திவிட்டு நிதானமாக எடுத்துச் சொன்னான். பிளாகோவின் தப்பு என்றால் ஒரு துளையோடு போகும். உன் தப்பு என்றால் ஆறு மாடியிலும் உன் தாளை நம்பிச் செய்த அத்தனையும் சந்தேகத்துக்கு வரும். வேலை நிற்கும். கை உடைந்த ஆளுக்கு எப்படியும் காப்பீட்டில் சம்பளம் வரும். மாநாடு வேறு இருக்கிறது.

"அவனே ஒத்துக்கிட்டான். நடுவுல நீ ஏன் விழற, க்ளெனிஸ்?"

திங்கட்கிழமை பொறியாளர் வருகிறார், அதுவரை பொறு என்றான். பொறுக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. அதை ஒளிக்க மாட்டேன். மத்தியானம் முழுக்க மனசுக்குள் அதற்கு நியாயம் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு ஆட்கள் கேட்டுக்கு வெளியே வந்தபோது பிளாகோவின் மனைவி ஸ்லாவிட்சாவின் கார் நின்றது. நான் அவளை அதற்கு முன் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். பின்சீட்டிலிருந்து ஒரு பெட்டி பீரை எடுத்துக்கொண்டு வந்தாள். மேலே ஒரு அட்டையை ஒட்டியிருந்தார்கள். இடது கையால் எழுதிய கோணல் எழுத்து: நான்காம் மாடிக்கு, மன்னிக்கவும், பிளாகோ.

யாரோ ஒருவன் தன் வண்டியின் பின்தட்டை இறக்கினான். ஆட்கள் சிரித்தார்கள், அன்பாகத்தான். கை உடைந்தும் பெட்டியை மறக்கவில்லை பார் என்றார்கள். ஸ்லாவிட்சா தானே பெட்டியைப் பிரித்து டின்களை எடுத்துக் கொடுத்தாள். முதல் டின்னை என்னிடம் நீட்டினாள்.

"உங்களுக்குத்தான் முதல்ல குடுக்கணும்னு சொன்னாரு. உங்களோட பெரிய வேலைய கெடுத்துட்டேன்னு ராத்திரியெல்லாம் பொலம்பினாரு."

டின் கையில் ஐஸ் மாதிரி இருந்தது. பக்கத்தில் டேரில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதைத் திறந்தால் முடிந்தது. திங்கட்கிழமை யாரும் பேச மாட்டார்கள். எங்கள் வழக்கமே அதுதான்.

"பிளாகோ குறிச்ச இடம் சரி," என்றேன். "என் தாள்தான் தப்பு."

அதன்பிறகு எல்லாம் சொன்னேன், விதி என்றால் என்ன, எப்போது எழுதினேன், எப்படி மறந்தேன் என்று. அவர்களுக்கு முழுதாகப் புரிந்ததா தெரியாது. ஆனால் துளை இருந்தது சரியான இடத்தில், பூஜ்யம்தான் பொய் என்பது புரிந்தது. யாரும் திட்டவில்லை. சாரம் கட்டுகிற ஒருவன் தன் டின்னைத் திறக்காமல் பெட்டிக்குள் திருப்பி வைத்தான். அடுத்தவனும் வைத்தான். வரிசையாக எல்லோரும் வைத்தார்கள். ஏற்கெனவே திறந்துவிட்ட ஒருவன் மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். ஸ்லாவிட்சா பின்கதவைச் சாத்தினாள். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெட்டி என்னிடம் நின்றுவிட்டது.

அடுத்த வாரம் டேரில் சொன்னபடியேதான் நடந்தது. நான்கு நாள் வேலை நின்றது. ரேடார்காரர் திரும்பி வந்து எல்லா மாடியையும் உருட்டிப் பார்த்தார். வேறு எந்தக் கற்றையும் அறுபடவில்லை. நான்காம் மாடிக்கு அடியில் முட்டுக் கொடுத்து, அறுந்ததைச் சரிசெய்ய வழி தேடினார்கள். டேரில் என்னோடு பேசுவதை நிறுத்தினான். நான் எதிர்பார்த்தது அவ்வளவும் வந்தது. எதிர்பாராத ஒன்றும் வந்தது.

பாராட்டு. எங்கள் சங்கத்தில் செய்தி பரவியதும் கடிதமாக வந்து குவிந்தது. என்ன நேர்மை, என்ன துணிச்சல், தொழிலுக்கே இது பாடம் என்றார்கள். மாநாட்டுக்காரர்கள் என் பேச்சை நீக்கவில்லை. தலைப்பை மட்டும் மாற்றினார்கள், நேரத்தையும் கூட்டிக் கொடுத்தார்கள். பூஜ்யம் நமக்குக் கற்பித்தது என்று தலைப்பு. நான் உட்கார்ந்து புதுப் படங்களைத் தயார் செய்யத் தொடங்கினேன். முதல் படத்தில் நாற்பது விதிகள். இரண்டாவதில் இருபத்தேழாவது விதி மட்டும் சிவப்பில். மூன்றாவதில், இனி விதிகளை மாதாமாதம் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற யோசனை. நன்றாகத்தான் வந்தது. கை தட்டுவார்கள். அந்த ஒன்பது நிமிடத்துக்கு ஒரு படத்திலும் இடம் இல்லை. வேண்டுமென்றே விட்டதுகூட இல்லை, செய்துகொண்டே போனேன், அதற்கு இடம் வரவில்லை. அது புரிந்ததும் கம்ப்யூட்டரை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை பிளாகோவின் வீடு இருக்கும் கிரிங்கிலாவுக்குப் போனேன். வண்டியில் இரண்டு பெட்டிகள், அவன் அனுப்பியது ஒன்று, நான் வாங்கியது ஒன்று. மார்ச் மாதத்தில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தாலே மிளகாய் சுடும் வாசனை வரும். பிளாகோவைப் போன்ற மாசிடோனியக்காரர்கள் வீட்டுக்கு வீடு கேரேஜைத் திறந்துவைத்து, ஜூனில் வரும் குளிர்காலத்துக்காகச் சிவப்புக் குடைமிளகாயை மூட்டை மூட்டையாகச் சுட்டுத் தோலுரிப்பார்கள். பிளாகோ ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். வலது கை முழங்கைவரை மாவுக்கட்டு. ஒரு கையால் மிளகாயை உரிக்கப் பார்த்தான். அது வழுக்கிக்கொண்டு ஓடியது. ஸ்லாவிட்சா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

நான் இரண்டு பெட்டியையும் இறக்கிவைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, கேட்காமலே ஒரு மிளகாயை எடுத்து உரிக்கத் தொடங்கினேன். விரல் சுட்டது. அவன் தடுக்கவில்லை.

"ரெண்டு மில்லிமீட்டராமே," என்றான்.

"ஆமா. ரெண்டுதான்."

"மழையில." அவன் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. "அதக் கேட்டப்புறம்தான் தூங்கினேன். கண்ணு போயிடுச்சோன்னு பயந்துட்டேன்."

மறந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். மறக்காத மனுஷன் யார் என்றான். மூன்று வருடத்துக்கு முன் தான் ஒரு குளிர்சாதனக் குழாயையே அறுத்ததையும், அதற்குத் தண்டனையாக இரண்டு பெட்டி வாங்கியதையும் சொன்னான். என் பெட்டியைக் காலால் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். அது எங்களுக்குள் ரசீது மாதிரி. அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். மன்னித்துவிட்டான் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை.

"இன்னொண்ணு இருக்கு, பிளாகோ. உன் மிஷின் சிக்கறதுக்கு ஒம்பது நிமிஷம் முன்னாடியே நான் பாத்துட்டேன். அஞ்சாவது துளைதான்னு தெரிஞ்சுபோச்சு."

அவன் கை நின்றது.

"பாத்துட்டு?"

"எண் வரட்டும்னு உக்காந்திருந்தேன்."

தெருவில் யாரோ ஒரு டிரம்மை உருட்டிப் போனார்கள். அவன் மிளகாயைக் கீழே வைத்தான்.

"மேசைல ரேடியோ இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"சார்ஜ்?"

"இருந்துச்சு."

அவன் தலையாட்டினான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன், கோபப்பட்டால் தேவலை என்றிருந்தது. அவன் காலால் என் பெட்டியை மெதுவாகத் தள்ளி, என் காலடியில் திருப்பி வைத்தான்.

"மறந்ததுக்குப் பெட்டி சரி. நானும் எத்தனையோ வாங்கியிருக்கேன்," என்றான். "அந்த ஒம்பது நிமிஷத்துக்குப் பெட்டி கிடையாது, க்ளெனிஸ்."

பத்து வருடத்தில் அவன் என் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.